ராஜா ஆட்டமும் காயலான் கடை ஆட்டமும்

நவம்பர் 5

காலையில் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தால் நெஞ்சு முழுக்கக் கொப்புளம். கொசுக்கடி என்று நினைத்து தேங்காய் எண்ணெய் தேடிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு செல்லக்கனி அக்கா மாடிப்படியில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, முத்து போட்டிருக்கு தம்பி, உள்ள போங்க என்றார். அடுத்த அரை மணியில் என் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது.

முப்பத்தாறு வயதில் அம்மை. ஆபீசுக்கு போன் செய்தேன். துறைமுகத்தில் நான் இல்லாவிட்டால் கப்பல் நகராது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மேனேஜர் நான் சொல்லி முடிப்பதற்குள் லீவு கொடுத்தார். நேரில் வர வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆவுடைக்குச் சொல்லவில்லை. போன மாதம் அம்பாசமுத்திரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. என் மனைவியின் முழுப்பெயர் ஆவுடைநாயகி. அவள் வேலை பார்க்கும் வங்கியில் நாயகி மேடம், எனக்கு ஆவுடை. அவள் போனதைக் கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன விதத்தைத்தான் மறக்க முடியவில்லை. ஆட்டோ வந்தது, பையைத் தூக்கினாள், செருப்பை மாட்டினாள், இறங்கிப் போனாள். ஒரு வார்த்தை கிடையாது. தூத்துக்குடியில் தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவர்கள் கூட 'வாரேன்' என்று சொல்லாமல் படி இறங்க மாட்டார்கள். 'போறேன்' என்று வாய் தவறினாலே வீட்டில் வசவு விழும். எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் ஆவுடை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது 'வாரேன்' சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அன்றைக்குச் சொல்லவில்லை. திரும்பி வரப்போவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்?

அவள் சொல்லாமல் போனாள், நானும் சொல்லாமல் அம்மையில் படுத்துக்கொள்கிறேன். கணக்கு சரி.

நவம்பர் 6

காஜா மைதீன் போன் செய்தான். வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்துகிறான், என் பள்ளிக்கூட நண்பன். சும்மாதானே படுத்திருக்கே, ஒரு கட்டுரை எழுதிக் கொடுடே என்றான். வாளும் மந்திரமும் இருக்கிற பெரிய உலகத்து ஆட்டம் ஒன்று, உலகம் அழிந்த பிறகு நடக்கிற பெரிய உலகத்து ஆட்டம் ஒன்று. இரண்டில் எது உசத்தி? மார்க் போட வேண்டும், கட்டம் கட்ட வேண்டும்.

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. முதலாவது என்னுடையது. ஆவுடை அதை 'ராஜா ஆட்டம்' என்பாள். இரண்டாவது அவளுடையது. நான் அதற்கு வைத்த பெயர் 'காயலான் கடை ஆட்டம்'. எந்நேரமும் அதில் துருப்பிடித்த டப்பாவும் கரண்டியும் பொறுக்கிக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் ஒரே கம்ப்யூட்டருக்கு அடித்துக்கொள்வோம். அவள் அரண்மனையைக் கிண்டல் செய்வாள், நான் குப்பையைக் கிண்டல் செய்வேன். தோற்றவர் தோசை சுட வேண்டும்.

கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கத்தான் இந்த நோட்டு. வேறு எதற்கும் இல்லை.

நவம்பர் 8

காய்ச்சல். கம்ப்யூட்டர் சின்ன அறையில் இருப்பதால் பாயையும் அங்கேயே போட்டுக்கொண்டேன். மல்லாந்து படுத்தால் மேலே உத்தரத்தில் கொக்கி தெரிகிறது. ஆடியில் நான்தான் கடப்பாரையும் சிமெண்டும் வாங்கி மாட்டினேன். ஃபேன் மாட்டவும் உதவாது, விளக்கு மாட்டவும் உதவாது. யாராவது வந்து எடுத்துவிட்டால் நல்லது.

குறிப்பு: ராஜா ஆட்டத்தில் கண் விழிக்கும்போதே யாரோ ஒருவர் தலைமாட்டில் காத்திருக்கிறார். நீதான் அவன், உனக்காகத்தான் இந்த நாடே காத்திருந்தது என்கிறார். சுகமாக இருக்கிறது. காய்ச்சலில் வெள்ளைக் குதிரை மேல் ஏறி மலைச்சரிவில் போனேன். புல் எல்லாம் வெள்ளி நிறம். குதிரை நடக்கிறதா நான் நடக்கிறேனா என்று தெரியவில்லை. ஒரு ஏரியின் அடியில் கோபுர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குனிந்து ஒன்றைத் தொட்டேன், குளிர்ந்தது. பார்த்தால் செல்லக்கனி அக்கா வாசலில் வைத்த இளநீர். நான் எப்போது எழுந்து போய் எடுத்து வந்தேன் என்று நினைவில்லை.

இன்னொரு குறிப்பு: என் கூட்டாளி வில்லாளன் இன்று பாம்பு கடித்து இறந்தான். கோயில் மணியை அடித்து, மார்பில் பச்சிலை வைத்தேன். எழுந்து உட்கார்ந்து, எங்கே விட்டோம் என்று கேட்டான். இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நவம்பர் 9

அரிப்பு. வேப்பிலையால் தடவினேன். மறுபடி அரிப்பு.

நவம்பர் 11

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஆட வேண்டும். இன்று காயலான் கடையைத் திறந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு. ஆட்டம் எங்கோ ஒரு பொது இடத்தில் சேவ் ஆகிறது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திறந்ததும் கடைசியாக ஆடிய தேதி வந்தது. இன்று காலை. அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்து தினமும் ஆடுகிறாள் போல.

கண் விழித்தால் தலைமாட்டில் யாரும் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு குடிசை. வெளியே சாம்பல் நிறக் கடற்கரை, கவிழ்ந்து கிடக்கிற கப்பல், அதன் வயிற்றில் முளைத்த செடி. வானம் நம்ம ஊர் உப்பளத்து மதியம் போலக் கண் கூசியது. யாரும் என்னிடம் காப்பாற்று என்று கேட்கவில்லை. காப்பாற்ற வேண்டியதெல்லாம் முடிந்துபோயிருந்தது. மிச்சம் இருப்பதைப் பொறுக்கி ஏதாவது செய்துகொள் என்பது போல ஒரு காற்று மட்டும் அடித்தது.

குடிசையை அவள் துடைத்து வைத்திருந்தாள். ஆட்டத்தில் தூசியே கிடையாது, இருந்தாலும் துடைத்த மாதிரி இருந்தது. அலமாரியில் கரண்டிகள், உடைந்த கடிகாரம், ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் விளக்கு. சண்டை போடத் துப்பாக்கி எங்கே என்று தேடினேன். துப்பாக்கியை வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நவம்பர் 12

குடிசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கற்களை வட்டமாக அடுக்கி ஒரு சின்ன மேடு. முழங்கை நீளம்கூட இராது. தலைப்பக்கம் ஒரு பலகை. ஏதாவது ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். பலகையில் எதுவும் எழுதவில்லை. 'எழுது' என்று மட்டும் ஆட்டம் கேட்டது, கோடு துடித்துக்கொண்டிருந்தது.

மூடிவிட்டேன். கண் எரிகிறது. அம்மை கண்ணிலும் வருமாம்.

நவம்பர் 14

மழை. வெயிலில் காய்ந்த தண்ணீரைத்தான் தலைக்கு ஊற்ற வேண்டும் என்கிறார் செல்லக்கனி அக்கா. இந்த அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, அம்மா அனுப்பி வைப்பா என்றார். அரை மணி நேரம் வெயில் அடிக்கத்தான் செய்தது. மாடியில் மஞ்சளும் வேப்பிலையும் மிதக்கிற குடத்தை அவர்தான் ஓடி ஓடி நகர்த்தினார். முதல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

அந்த மேடு என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? ஆவணியில் ஏழாம் மாதம், ஆஸ்பத்திரி. அது வெளியே வரும்போதே மூச்சு இல்லை. மீதியை ஆஸ்பத்திரிக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். பெரியவர்கள், பூமியில் கால் வைக்காததற்குத் துக்கம் காக்க வேண்டியதில்லை, விளக்கேற்றிச் சாப்பிடுங்கள் என்றார்கள். விளக்கேற்றிச் சாப்பிட்டேன். ஆவுடையிடம், விடு, அடுத்த தடவை பாத்துக்கிடலாம் என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அதற்கு ஏன் என்னை அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரம் இந்த அறையில் உட்கார்ந்து ஆடினோம். நான் மணி அடித்து ஆட்களை எழுப்பிக்கொண்டிருந்தேன். அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மைதீனுக்குக் குறிப்பு: அவளுடைய ஆட்டத்திலும் பழைய சேவுக்குத் திரும்பிப் போகலாம். அவள் அதை அணைத்து வைத்திருக்கிறாள். நடந்தது நடந்ததாகவே இருக்கும்.

நவம்பர் 15

இன்று நான் சாம்பல் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டது. இந்தக் கணக்கு வேறு இடத்தில் திறக்கப்பட்டுள்ளது என்று வந்தது. அவள்தான். நான் உள்ளே இருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். போன் எடுத்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். போன் சும்மா கிடந்தது.

சாயங்காலம் மறுபடி போனேன். வடக்கே பாழடைந்த ஒரு கடைக்குள் மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து ஒன்று கிடந்தது. எதற்கும் பயன்படாது, விற்றால் ஒன்றும் கிடைக்காது. எடுத்துக்கொண்டேன். நினைத்த இடத்துக்குத் தாவுகிற வசதி ராஜா ஆட்டத்தில் உண்டு, இதில் கிடையாது. நடந்தே வந்தேன். வழியெல்லாம் சாம்பல் மெதுவாக மேலே எழும்பி மெதுவாக இறங்கியது. என் காலடிச் சத்தம் வேறு யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமில்லை. வாத்தை மேட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

நவம்பர் 16

வாத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் தண்ணீர்.

வாத்து நீந்த வேண்டுமாம். சிரித்தேன். சிரித்தால் முகத்துப் பொருக்கு வலிக்கிறது.

நவம்பர் 17

செல்லக்கனி அக்கா இன்று கஞ்சியை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆவுடைக்குத் தாம் போன் செய்து அம்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா, சொல்லாமல் போகிறவள் எப்படி வருவாள் என்றேன்.

அவர் கேட்டார்.

"துக்க வீட்லேருந்து யாராவது சொல்லிக்கிட்டுப் போவாவளா தம்பி?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவரே தொடர்ந்தார்.

"சாவு வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதுல்லா. அவளுக்கு இது அந்த வீடு. நீங்கதான் அன்னைக்கே விளக்கப் பொருத்தி நல்ல வீடாக்கிட்டிய."

கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. நான் எத்தனை சாவு வீடுகளிலிருந்து பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். யாரும் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டதில்லை. இங்கே ஒருத்தி என் வீட்டுப் படியிலேயே அப்படி இறங்கிப் போயிருக்கிறாள். எனக்கு அந்த முறை மறந்துபோய்விட்டது. அவளைத் தனியாகத் துக்கம் காக்க விட்டிருக்கிறேன்.

நவம்பர் 18

இரண்டாம் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈரத்தலையோடு அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். மேடு அப்படியே இருந்தது. வாத்து தட்டில் இருந்தது. மேலே தொட்டிலுக்கென்று நான் மாட்டிய கொக்கி, உள்ளே அவள் பலகை. எது அந்தப் பக்கம் எது இந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் மயக்கமாகவே இருந்தது. கடல் சத்தம் கேட்டது, அது மழையாகவும் இருக்கலாம்.

என்ன எழுதுவதென்று தெரியாமல் அவள் பலகையைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். எனக்கென்று விட்டிருக்கிறாள். வயிற்றில் இருந்தபோது நான்தான் அதை 'வாண்டு' என்று கூப்பிடுவேன். வாண்டு உதைக்குதா, வாண்டுக்கு மாங்காய் வேணுமா என்று தினமும் கேட்பேன். ஆவணிக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை.

எழுதினேன். வாண்டு. மூன்றே எழுத்து. அடித்து முடித்ததும் மேஜையில் தலையை வைத்து அழுதேன். இது முதல் தடவை.

நவம்பர் 19

ஆவுடையிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

வாரேன்.

நவம்பர் 20

இந்தப் பாழாய்ப்போன பாஷையில் வருகிறவளும் 'வாரேன்' என்கிறாள், போகிறவளும் 'வாரேன்' என்கிறாள்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிக் கணக்கை முடிக்கிறாளா? பெயர் வைத்தாகிவிட்டது, துக்கம் முடிந்தது, இனி முறைப்படி சொல்லிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருப்பாளோ? அல்லது நிஜமாகவே பஸ் ஏறுகிறாளா? போன் பேச்சை முடிக்கும்போதெல்லாம் ஆவுடை இதே வார்த்தையைத்தான் சொல்வாள். எந்த வாரேன் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. ரொம்ப யோசித்து 'சரி' என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, அதுவும் இரண்டுக்கும் பொருந்தும்.

மைதீனிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். எழுதினா வருதேன்னு அர்த்தம்டே, போறவ எதுக்கு மெனக்கெட்டு டைப் பண்ணணும் என்றான். பிறகு கட்டுரை எங்கே என்று கேட்டான். இந்தப் பையனுக்கு நேரம் காலம் தெரியாது.

காயலான் கடையைத் திறக்கவில்லை. குடிசை விளக்கும் கரண்டியும் இல்லாமல் காலியாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

நவம்பர் 21

ராஜா ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் குதிரை, வெள்ளிப் புல், ஏரிக்கடியில் விளக்கு எல்லாம் அப்படியே அழகாக இருந்தன. ஒரு பெரியவர் வந்து, உனக்காகத்தான் காத்திருந்தோம் என்றார். அவர் பாவம். நான் வேறொருத்திக்காகக் காத்திருக்கிறேன்.

நவம்பர் 22

மூன்றாம் தண்ணீர். செல்லக்கனி அக்கா வாசல் வேப்பிலையை எடுத்துவிட்டார். அம்மா இறங்கிவிட்டாளாம். வரும்போதும் சொல்லவில்லை, போகும்போதும் சொல்லவில்லை.

தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கேட் சத்தம் கேட்டது. அக்கா வீட்டுக்கு யாரோ என்று நினைத்தேன். படியேறுகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். கடைசிப் படியில் எப்போதும் ஒரு நொடி நிற்கும்.

ஆவுடை மெலிந்திருந்தாள். அதே பை. என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எங்க ஊரு ரோடே தேவலாம் என்றாள். பையை வாங்கிக்கொண்டேன்.

நேராகச் சின்ன அறைக்குப் போனாள். கொக்கியைப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, அதற்கு வாண்டு என்று எழுதியது சரிதானா, வேறு நல்ல பெயராக வேண்டுமானால் மாற்றிவிடலாம் என்றேன்.

"அவளுக்கு அதுதான் பேரு" என்றாள்.

அவள். இந்த நோட்டு முழுக்க நான் 'அது' என்றே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன குழந்தை என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு ஆள் ஆகிவிடும், ஆளாகிவிட்டால் இழந்ததாகிவிடும் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

"மூக்கு உங்க மூக்கு" என்றாள் ஆவுடை. "யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது.

சாயங்காலம் இரண்டு நாற்காலி போட்டுக் காயலான் கடையைத் திறந்தோம். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மேட்டின் பக்கம் போய் நின்றோம். சாம்பல் கடற்கரையில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்து, தட்டுத் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் தங்கியது. அந்த ஊர் எனக்கு இப்போது குப்பையாகத் தெரியவில்லை. வெளியேறும்போது பழக்கதோஷத்தில் வாய் வரைக்கும் வந்த 'வாரேன்' என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் அணைத்தோம்.

நவம்பர் 23

மைதீனுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டேன். கட்டம் இல்லை, மார்க் இல்லை. ராஜா ஆட்டத்தில் செத்தவர்களை எழுப்பலாம், மற்றதில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுக்கலாம், உனக்கு எது வேண்டுமோ அதை ஆடு என்று எழுதினேன். இது கட்டுரையாடே என்று பதில் வந்திருக்கிறது. ஆவுடை படித்துவிட்டு, தோற்றது யார் என்று சொல்லவே இல்லையே, தோசை யார் சுடுவது என்று கேட்டாள். நான் போய் மாவைக் கரைத்தேன்.

தோசை சாப்பிட்ட பிறகு காப்பிக்குப் பால் இல்லை. நான் போகிறேன் என்றதற்கு, இந்த முகத்தோடு தெருவில் போனால் பிள்ளைகள் பயந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டு அவளே தூக்குவாளியை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். படியில் பாதி இறங்கியவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள்.

தெருமுனைக் கடைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவள் திரும்பி வரும்வரை மாடிப்படியிலேயே நின்றேன்.